எஸ்.எல்.வி-3: இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலம்

எஸ்.எல்.வி-3 என்பது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் (இஸ்ரோ) உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் ஏவுகலம் ஆகும். சுமார் 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்ட இந்த நான்கு அடுக்கு ராக்கெட், 1979 முதல் 1983 வரை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நான்கு முறை ஏவப்பட்டது. முதல் முறை கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று நடந்த இரண்டாம் ஏவுதலில் 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம்.

மாணவர்கள் அடிக்கடி ஒன்றைக் குழப்பிக்கொள்வதுண்டு. இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ரோகிணி அல்ல, ஆரியபட்டா. அது 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட் மூலம் சோவியத் மண்ணிலிருந்து ஏவப்பட்டது. அதன் எடை 360 கிலோ. எஸ்.எல்.வி-3 தூக்கக்கூடியதோ 40 கிலோ அளவுதான். ஆகவே அது முன்பே தயாராகியிருந்தாலும் ஆரியபட்டாவைச் சுமந்திருக்க முடியாது. இந்திய ராக்கெட்டால், இந்திய மண்ணிலிருந்து விண்ணுக்குச் சென்ற முதல் செயற்கைக்கோள் என்பதே ரோகிணியின் சிறப்பு.

பெயர்

'சாட்டிலைட் லாஞ்ச் வெஹிக்கிள்' என்பதன் சுருக்கமே எஸ்.எல்.வி. இதற்கு முன் எஸ்.எல்.வி-1, எஸ்.எல்.வி-2 என்று இரண்டு ராக்கெட்டுகள் பறந்ததாக நினைக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் பல வடிவமைப்புகள் காகிதத்தில் ஆராயப்பட்டன. அவற்றுள் மூன்றாவது ஏற்கப்பட்டதால் அந்த எண் ஒட்டிக்கொண்டது.

பின்னணி

நாகர்கோவிலிலிருந்து வடமேற்கே சுமார் 70 கி.மீ. தொலைவில் திருவனந்தபுரம் இருக்கிறது. அந்நகரின் வடபுறக் கடற்கரையில் உள்ள மீனவர் ஊர் தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு அவ்வூரின் அருகே செல்வதால் மேல் வளிமண்டலத்தை ஆராய ஏற்ற இடம் என்று விக்ரம் சாராபாய் அதைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்த புனித மரிய மகதலேனா தேவாலயத்தையும் சுற்றியிருந்த நிலத்தையும் விட்டுக்கொடுக்க ஊர் மக்களும் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவும் இசைந்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்தது. அது அமெரிக்கத் தயாரிப்பான நைக்கி-அப்பாச்சி. அதில் வைத்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சிலிருந்து வந்தது. நம்முடையதென்று சொல்ல அன்று இடமும் ஆட்களும் மட்டுமே இருந்தன.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1967 நவம்பரில், ஆர்.எச்-75 என்ற முதல் இந்திய ராக்கெட் பறந்தது. அதன் விட்டம் 75 மில்லிமீட்டர். உள்ளங்கையை விரித்துப் பிடித்தால் அதன் அகலத்துக்குள் அடங்கிவிடும். பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அந்த விட்டம் ஒரு மீட்டராக வளர்ந்தது என்பதைக் கொண்டுதான் எஸ்.எல்.வி-3 திட்டத்தின் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். 1969 ஆகஸ்ட் 15 அன்று இஸ்ரோ தொடங்கப்பட்டது. செயற்கைக்கோளை ஏவ, கிழக்கே திறந்த கடல் உள்ள இடம் தேவைப்பட்டது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால் கிழக்கு நோக்கி ஏவினால் அந்த வேகத்தின் ஒரு பங்கு இலவசமாகக் கிடைக்கும். அடுக்குகள் கழன்று விழுந்தாலும் கடலில்தான் விழும். இதனால் ஆந்திரக் கரையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டா தேர்ந்தெடுக்கப்பட்டது.

நான்கு அடுக்குகளையும் நான்கு பேரிடம் சாராபாய் ஒப்படைத்தார். முதல் அடுக்கு வசந்த் கோவாரிக்கர், இரண்டாவது எம். ஆர். குருப், மூன்றாவது ஆ. எ. முத்துநாயகம், நான்காவது அப்துல் கலாம். 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் சாராபாய் காலமானார். பின்னர் இஸ்ரோ தலைவரான சதீஷ் தவான் திட்டம் முழுவதையும் கலாமிடம் கொடுத்தார். உலோகவியல் அறிஞர் பிரம்ம பிரகாஷ் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் இயக்குநராக இருந்து துணை நின்றார்.

மூன்றாம் அடுக்கைக் கவனித்த முத்துநாயகம் நாகர்கோவிலைச் சேர்ந்தவர். பின்னாளில் திரவ உந்துவிசை மையத்தின் முதல் இயக்குநரானார். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் காவல்கிணறு பக்கம் போகிறவர்கள் பார்க்கும் மகேந்திரகிரி ஆய்வு வளாகத்தோடு அவர் பெயர் சேர்த்துப் பேசப்படுகிறது. ஆனால் எஸ்.எல்.வி-3 மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்டது என்று நம் பக்கத்தில் சிலர் சொல்வது சரியன்று. அவ்வளாகம் திரவ எரிபொருள் எஞ்சின்களுக்காக எழுந்தது, எஸ்.எல்.வி-3 முழுக்க முழுக்கத் திட எரிபொருள் ராக்கெட்.

அடுக்குகள் ஏன்?

ஒரு பொருள் 300 கி.மீ. உயரத்தில் கீழே விழாமல் பூமியைச் சுற்ற வேண்டுமானால் அது நொடிக்கு ஏறத்தாழ 7.7 கி.மீ. வேகத்தில் செல்ல வேண்டும். அந்த வேகத்தில் நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு ஒன்றரை நிமிடத்தில் போய்விடலாம். உயரத்தை எட்டுவதைவிட இந்த வேகத்தை எட்டுவதுதான் கடினம். நேராக மேலே போய்த் திரும்பி விழும் ஆய்வு ராக்கெட்டுக்கும் செயற்கைக்கோள் ஏவுகலத்துக்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது.

ஒரே பெரிய ராக்கெட்டால் இந்த வேகத்தை அடைவது அரிது. எரிபொருள் தீரத்தீர வெறுங்கூடும் சுமையாகிவிடும். அதனால் எரிந்து முடிந்த பகுதியைக் கழற்றிப் போட்டுவிட்டு எஞ்சிய சிறிய ராக்கெட் தொடர்ந்து செல்கிறது. எஸ்.எல்.வி-3-இன் முதல் அடுக்கில் சுமார் 8.7 டன் எரிபொருள் இருந்தது. இரண்டாவதில் 3 டன்னுக்குச் சற்று அதிகம், மூன்றாவதில் ஒரு டன் அளவு, நான்காவதில் 262 கிலோ மட்டுமே. கிளம்பும்போது 17 டன். போய்ச் சேர்ந்தது 35 கிலோ. அதாவது ஒரு கிலோவுக்கு இரண்டு கிராம்.

திட எரிபொருள் என்பதைத் தீபாவளி ராக்கெட்டின் மருந்தோடு ஒப்பிட்டுச் சொல்வார்கள். தொடங்குவதற்கு அந்த ஒப்பீடு போதும். உண்மையில் அமோனியம் பெர்குளோரேட், அலுமினியத் தூள் ஆகியவற்றை ரப்பர் போன்ற பிசினோடு குழைத்து, கூட்டுக்குள் ஊற்றி, சூடாக்கி இறுக வைக்கிறார்கள். நடுவில் நீளவாக்கில் ஒரு துளை இருக்கும். தீ அத்துளையின் சுவரிலிருந்து வெளிப்புறம் நோக்கி எரியும். இறுகும்போது எங்காவது வெடிப்போ காற்றுக்குமிழோ இருந்துவிட்டால் அவ்விடத்தில் எரியும் பரப்பு திடீரெனப் பெருகி, அழுத்தம் ஏறி, கூடு உடையலாம். திரவ எஞ்சினைப்போல வால்வை மூடி நிறுத்தவும் முடியாது. பற்றவைத்தால் தீரும்வரை எரியும். ஆகவே எரிபொருளைக் குழைக்கும் கொட்டகையிலேயே ராக்கெட்டின் தலையெழுத்தில் பாதி எழுதப்பட்டுவிடுகிறது.

கூடுகளின் கதையும் சுவையானது. கீழ் இரண்டு அடுக்குகளுக்கும் குரோமியம், மாலிப்டினம், வனேடியம் கலந்த உறுதியான எஃகு. மூன்றாவதற்குக் கண்ணாடி இழை. நான்காவதற்குக் கெவ்லார் இழை. மேலே போகப் போகக் கூடு இலேசாக வேண்டும் என்பதற்குக் காரணம் எளிது. கடைசி அடுக்கின் கூட்டில் ஒரு கிலோ கூடினால் செயற்கைக்கோளில் ஒரு கிலோ குறையும். முதல் அடுக்கில் ஒரு கிலோ கூடினால் அந்த அளவு இழப்பு வராது.

நான்காம் அடுக்குக்கு இடையில் ஒரு சோதனை வந்தது. பிரான்சின் டயமாண்ட் ராக்கெட்டுக்கும் அது பொருந்தும்படி வேண்டும் என்று பிரெஞ்சு விண்வெளி அமைப்பு கேட்டதால், முதலில் திட்டமிட்டதைவிடப் பெரிதாக அதை மாற்றி வடிவமைத்தார்கள். பிறகு பிரான்சு டயமாண்ட் திட்டத்தையே கைவிட்டது. செய்த வேலை வீணாயிற்றா என்றால் இல்லை. 1981-இல் ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட்டில் ஏறிச் சென்ற இந்தியாவின் ஆப்பிள் செய்தித்தொடர்புச் செயற்கைக்கோளை 36,000 கி.மீ. உயரச் சுற்றுப்பாதைக்குக் கொண்டுசேர்த்தது இந்த நான்காம் அடுக்கின் எஞ்சின்தான்.

திசை காத்தல்

எரிந்தால் மட்டும் போதாது, சரியான திசையில் போகவும் வேண்டும். எஸ்.எல்.வி-3 பறக்கும்போது தரையிலிருந்து யாரும் அதை ஓட்டவில்லை. எந்த நொடியில் எவ்வளவு சாய வேண்டும் என்பது முன்பே பதிவு செய்யப்பட்டிருந்தது. காற்றாலோ உந்துவிசையின் சிறு கோணலாலோ விலகல் ஏற்பட்டால் அதைத் திருத்த ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனி ஏற்பாடு.

முதல் அடுக்கு அடர்ந்த காற்றுக்குள் செல்வதால் வால் சிறகுகளின் நுனிகளைத் திருப்பினார்கள். அதோடு, நெருப்பு வெளியேறும் குழலின் பக்கச் சுவரிலிருந்து ஸ்ட்ரான்சியம் பெர்குளோரேட் கரைசலைப் பீய்ச்சினார்கள். பீய்ச்சிய பக்கத்தில் வாயு ஓட்டம் தடைப்பட்டு மறுபக்கம் சாயும், ராக்கெட் திரும்பும். இரண்டாம் அடுக்கில் பக்கவாட்டில் சிறுசிறு எஞ்சின்கள். இவற்றுக்கு இரண்டு திரவங்கள் வேண்டும்: ஹைட்ரசின் என்ற எரிபொருள், அதை எரிக்கச் செந்நிறப் புகை விடும் அடர் நைட்ரிக் அமிலம். இரண்டும் தொட்ட மாத்திரத்தில் தீப்பற்றும். மூன்றாம் அடுக்குக்கு ஹைட்ரசின் மட்டும். நான்காம் அடுக்கைப் பம்பரம்போலச் சுழற்றிவிட்டார்கள். சுழலும் பம்பரம் சாயாது அல்லவா, அவ்வளவுதான்.

1979 ஆகஸ்ட் 10

காலை 7.58 மணிக்கு முதல் எஸ்.எல்.வி-3 கிளம்பியது. முதல் அடுக்கு நன்றாக எரிந்தது. இரண்டாம் அடுக்கும் எரிந்தது, ஆனால் ராக்கெட் தடுமாறத் தொடங்கியது. 317 நொடிகளில் எல்லாம் முடிந்தது. மேல் அடுக்குகளும் செயற்கைக்கோளும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு அப்பால் 560 கி.மீ. தொலைவில் கடலில் விழுந்தன.

பலர் நினைப்பதுபோல ராக்கெட் கிளம்பியதும் வெடித்துச் சிதறவில்லை. தரவுகளை ஆராய்ந்தபோது கிடைத்த காரணம் மிகச் சிறியது. புறப்படுவதற்கு 8 நிமிடம் முன்பு இரண்டாம் அடுக்கின் அமிலத் தொட்டியின் வால்வுக்குக் கட்டளை கொடுக்கப்பட்டது. வால்வில் புகுந்திருந்த அழுக்கு காரணமாக அது திறந்தபடியே நின்றுவிட்டது. அமிலம் கசிந்து வெளியேறியது. இரண்டாம் அடுக்கு பற்றிய நேரத்தில் சிறு எஞ்சின்களுக்கு ஹைட்ரசின் இருந்தது, அதை எரிக்க அமிலம் இல்லை. பெரிய எஞ்சின் மூன்று டன் எரிபொருளின் முழு வேகத்தோடு தள்ளிக்கொண்டிருக்க, அதைத் திருத்தும் கை மட்டும் செயலற்றுக் கிடந்தது. வண்டி ஓடுகிறது, திசை திருப்பியைக் காணோம் என்பது போன்ற நிலை.

வேதியியல் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். வீரியமிக்க ஓர் அமிலத்தைத் தேக்கி, கட்டளைக்குத் திறந்து, மறு கட்டளைக்கு மூடும் வால்வு என்பது பாடநூல் சமன்பாட்டில் எங்கும் வருவதில்லை. துப்புரவு, அடைப்பான், உலோகத் தேர்வு, பலமுறை சோதித்தல் ஆகியவற்றைப் பட்டறையில்தான் கற்றுக்கொள்ள முடியும்.

அன்று செய்தியாளர்களைச் சந்தித்தது கலாம் அல்ல, சதீஷ் தவான். தோல்விக்குத் தாமே பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு வெற்றி பெற்றபோது கலாமைப் பேசச் சொன்னார். கலாம் பல மேடைகளில் சொன்ன இந்த நிகழ்ச்சி இன்று தன்னம்பிக்கைக் கூட்டங்களில் அதிகம் அடிபடுகிறது. அதே அளவுக்கு வால்வின் கதையும் சொல்லப்பட்டால் நல்லது. அடுத்த முறை ராக்கெட்டை மேலே கொண்டுபோனது, கோளாறு எந்த வால்வில், எந்த நிமிடத்தில் என்று தேடிப் பிடித்த வேலை.

1980 ஜூலை 18

காலை 8.03 மணிக்கு இரண்டாவது ராக்கெட் கிளம்பியது. சுமார் பத்து நிமிடத்தில் நான்காம் அடுக்கு தேவையான வேகத்தைக் கொடுத்தது. ரோகிணி, பூமிக்கு மிக அருகில் 305 கி.மீ., மிகத் தொலைவில் 919 கி.மீ. என்ற நீள்வட்டப் பாதையில் சுற்றத் தொடங்கியது. ராக்கெட் எப்படி நடந்துகொண்டது என்று அளந்து அனுப்புவதே அந்தச் செயற்கைக்கோளின் முதன்மை வேலை.

இந்தியா இத்திறன் பெற்ற ஆறாவது நாடு என்று இஸ்ரோ குறிப்பிடுகிறது. ஏழாவது என்று எழுதும் நூல்களும் உண்டு. தேர்வு எழுதுவோருக்கு இது தலைவலி. சோவியத் ஒன்றியம் (1957), அமெரிக்கா (1958), பிரான்சு (1965), ஜப்பான் (1970), சீனா (1970), பிரிட்டன் (1971) என்று வரிசைப்படுத்தினால் இந்தியா ஏழாவதாக வரும். ஆனால் பிரிட்டன், பிளாக் ஏரோ ராக்கெட்டால் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரே ஒரு செயற்கைக்கோளை ஏவியதோடு அத்திட்டத்தை மூடிவிட்டது. அதை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் ஆறு.

சீனாவின் முதல் ஏவுகலத்தோடு ஒப்பீடு

இந்த வரிசையில் நமக்கு அண்டை நாடு சீனா. 1970 ஏப்ரல் 24 அன்று சாங்செங்-1 (நெடும் பயணம்-1) என்ற ராக்கெட் கோபிப் பாலைவனத்திலுள்ள சியூச்சுவான் ஏவுதளத்திலிருந்து 173 கிலோ எடையுள்ள தோங்பாங்ஹோங்-1 செயற்கைக்கோளை ஏவியது. 'கிழக்கு சிவந்தது' என்ற பாட்டின் மெட்டை அது விண்ணிலிருந்து ஒலிபரப்பியது. ராக்கெட்டின் எடை 80 டன்னுக்கு மேல். எஸ்.எல்.வி-3-ஐப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு எடை, ஐந்து மடங்கு சுமை. விகிதம் ஏறக்குறைய ஒன்றே.

ஆனால் பிறந்த விதம் வேறு. சாங்செங்-1 என்பது சீனாவின் தோங்பெங்-4 ஏவுகணையின் இரண்டு திரவ எரிபொருள் அடுக்குகளின் மேல் ஒரு சிறு திட எரிபொருள் அடுக்கை ஏற்றி அமைத்தது. அமெரிக்காவில் பயின்று, பணியாற்றி, 1955-இல் நாடு திரும்பிய சியான் சூசென் தலைமையில் சீன ராணுவ ஏவுகணைத் திட்டம் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவும்கூட ஏவுகணையிலிருந்தே ராக்கெட்டுக்கு வந்தவை. இந்தியாவில் இது தலைகீழாக நடந்தது. வானிலை ஆய்வுக்கான சிறு ராக்கெட்டிலிருந்து ஏவுகலம் வந்தது. ஏவுகலத்திலிருந்து ஏவுகணை வந்தது. 1982-இல் கலாம் ஹைதராபாத்தின் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்துக்குப் போனார். 1989 மே 22 அன்று சோதிக்கப்பட்ட அக்னி ஏவுகணையின் முதல் அடுக்கு எஸ்.எல்.வி-3-இன் முதல் அடுக்கை ஒட்டி அமைந்தது. அமைதிக்காகத் தொடங்கியது ஆயுதமானதே என்று வருந்துவோரும் உண்டு, பெருமைப்படுவோரும் உண்டு. இரண்டு பேரும் ஒப்புக்கொள்ள வேண்டிய செய்தி, இந்திய ராக்கெட் சிறியதாக இருந்ததற்குக் காரணம் அதற்கு முன் கையில் எடுத்துக்கொள்ள ஆயத்தமான ஏவுகணை எதுவும் இல்லை என்பதுதான். தோற்றத்தில் எஸ்.எல்.வி-3 அமெரிக்காவின் ஸ்கவுட் ராக்கெட்டை ஒத்திருந்ததைச் சுட்டிக்காட்டுவார்கள். படத்தைப் பார்த்து உருவத்தை வரையலாம். எஃகையும் பிசினையும் வால்வையும் அப்படி வரைய முடியாது.

கடைசி இரண்டு ஏவுதல்கள்

1981 மே 31 அன்று 38 கிலோ ரோகிணி ஏவப்பட்டது. சுற்றுப்பாதை எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாக, 186 கி.மீ. வரை இறங்கி அமைந்துவிட்டது. அந்த உயரத்திலும் மெல்லிய காற்று உண்டு. அதன் உராய்வால் ஒன்பதே நாளில் செயற்கைக்கோள் வளிமண்டலத்தில் விழுந்து அழிந்தது. பகுதி வெற்றி என்று இதைக் குறிப்பிடுகிறார்கள்.

1983 ஏப்ரல் 17 அன்று நான்காவதும் கடைசியுமான ஏவுதல். அப்போது திட்ட இயக்குநர் வேத் பிரகாஷ் சாண்ட்லாஸ். 41.5 கிலோ எடையுள்ள இந்த ரோகிணியில் ஒரு படப்பிடிப்புக் கருவி இருந்தது. 2,500-க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது. ஏழு ஆண்டுகள் சுற்றுப்பாதையில் இருந்தது.

பின்வந்த ராக்கெட்டுகளில்

நான்கு ஏவுதல்களோடு எஸ்.எல்.வி-3 நிறுத்தப்பட்டது. 40 கிலோவைக் கொண்டு பயனுள்ள வேலை எதுவும் பெரிதாகச் செய்ய முடியாது. அடுத்து வந்த ஏ.எஸ்.எல்.வி., அதே ராக்கெட்டின் இருபுறமும் முதல் அடுக்கு எஞ்சின்கள் இரண்டைக் கூடுதலாகக் கட்டி, 150 கிலோவைத் தூக்க முயன்றது. 1987, 1988 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தோற்று, 1992-இல்தான் முதல் வெற்றி கண்டது. பி.எஸ்.எல்.வி. 1993-இல் தோற்று, 1994 அக்டோபர் 15 அன்று வென்றது.

அந்த பி.எஸ்.எல்.வி.யின் அடியில், நடு எஞ்சினைச் சுற்றி ஆறு சிறு எஞ்சின்கள் கட்டப்பட்டிருக்கும். எஸ்.எல்.வி-3-இன் முதல் அடுக்கிலிருந்து வந்தவை அவை. பின்னர் அவற்றை நீட்டி இன்னும் கூடுதல் எரிபொருள் கொள்ளும்படி செய்தார்கள். 2008-இல் சந்திரயான்-1-ஐயும் 2013-இல் மங்கள்யானையும் ஏவிய பி.எஸ்.எல்.வி.களில் இருந்தவை அந்த நீட்டிய வகை. படத்தில் ராக்கெட்டின் கால்மாட்டில் தெரியும் மெல்லிய குழாய்களைப் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம்.